மலப்பிரபா விமான சர்வீஸின் கடைசி நடை

கோடிஹாள் ஊருக்கு ரயில் கிடையாது. நல்ல ஆஸ்பத்திரி கிடையாது. ஆனால் ஒன்றேகால் வருஷம் விமானம் இருந்தது. சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் ஊரில் அதுகூட இருந்திருக்காது.

கொண்டுவந்தவர் குருசித்தப்பா. ஊருக்கு அவர் சாவ்கார், பதினாறு பஸ்களுக்கு முதலாளி. மலப்பிரபா ஆற்றின் பெயரை எழுதிக்கொண்டு அவர் வண்டிகள் பெலகாவியிலிருந்து பெங்களூருவரை புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த சிமெண்ட் ஆலைக்குச் சொந்தமாக ஓர் ஓடுதளம் இருந்தது. பெண்கள் அதில் மிளகாய் காயப்போட்டு வந்தார்கள். ஒருநாள் சாவ்கார் அந்தப் பக்கமாகப் போனவர் காரை நிறுத்தி, அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வருஷம் பத்தொன்பது பேர் உட்காரும் ரெட்டை விசிறி விமானம் ஒன்று வாடகைக்கு வந்து இறங்கியது. இறங்கியது என்பதைவிட, நாலு தடவை ஊரைச் சுற்றிவிட்டு இறங்கியது என்று சொல்ல வேண்டும். கீழே மிளகாய் அள்ளி முடிக்கவில்லை.

பஸ்காரர் கையில் கிடைத்த விமானம் பஸ்ஸாகத்தான் ஓடும். மூக்கில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். பிஸ்கட்டுக்குப் பதில் சோள ரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்த ருத்ரய்யாவுக்குக் கழுத்தில் டை மாட்டி மேனேஜர் என்றார்கள். அவர் டை கட்டினாரே தவிர விசிலைக் கழற்றவில்லை. கதவைச் சாத்தியதும் விமானத்தின் வயிற்றில் கையால் ரெண்டு தட்டுத் தட்டி, "ரைட், ரைட்!" என்று கத்துவார். கோவாவிலிருந்து வந்த கேப்டன் லோர்னா பிண்டோ முதல் வாரம் இதைக் கேட்டுக் கொதித்துப் போனாள். மூன்றாவது மாதம் ருத்ரய்யாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, தட்ட ஆள் இல்லாமல் என்ஜினை எடுக்க மாட்டேன் என்று அவளே அடம்பிடித்தாள்.

குறை ஒன்றே ஒன்றுதான். ஒருவர் பெங்களூரு போனால் வழியனுப்ப நாற்பது பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தேநீரும் மிர்ச்சி பஜ்ஜியும் விற்ற தள்ளுவண்டிக்காரர்கள் மாடி வீடு கட்டினார்கள். விமானம் மட்டும் பாதி காலியாகப் பறந்தது. விமானத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி பொறுத்துப் பார்த்துவிட்டு, நாக பஞ்சமியன்று காலை விமானத்தைத் திருப்பி அனுப்பு என்று சொல்லிவிட்டது.

ஊரே உச்சுக் கொட்டியது. சாவ்கார் மட்டும் உள்ளுக்குள் வேறொன்றுக்காகக் கலங்கிப் போயிருந்தார். அது அவர் மனைவி கல்லவ்வாவுக்கு மட்டும் தெரியும்.

விஷயம் இதுதான். ஊரில் பஞ்சமி வந்தால் கட்டிக் கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும். வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்ட வேண்டும், எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் தின்றுவிட்டு ஆட வேண்டும். ஆனால் பெண் தானாக வர மாட்டாள். அண்ணனோ தம்பியோ அவள் வாசலில் போய் நின்று, "வா, போகலாம்" என்று கூப்பிட வேண்டும். சாவ்காருக்கு ஒரே தங்கை, நீலவ்வா, பெங்களூருவில் இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சமி நேரத்தில் அவருக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை, பண்டிகைக் கூட்டம். ஆகவே தன் புதுப் பஸ்ஸுக்கு மாலை போட்டு, முன் சீட்டில் பட்டுத்துணி விரித்து, டிரைவர் உஸ்மானை அனுப்பிவைத்தார். பெருமையாகச் செய்ததாகத்தான் நினைத்தார். பஸ் காலியாகத் திரும்பி வந்தது.

"நீலவ்வா ஒண்ணு கேட்டாங்க சாவ்கார்," என்றார் உஸ்மான், தரையைப் பார்த்துக்கொண்டு. "என்னைக் கூப்பிட வந்தது எங்கண்ணனா, அவன் பஸ்ஸான்னு."

முதல் வருஷம் சாவ்காருக்கு ரோஷம். இரண்டாம் வருஷம் அரை ரோஷம், அரை வெட்கம். அதற்கப்புறம் வெட்கம் மட்டும்தான். இத்தனை நாள் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? ஊஞ்சல் மட்டும் வருஷா வருஷம் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விமானம் விடலாம் என்று தோன்றிய அன்று கல்லவ்வாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆகாசத்துல போய் இறங்கிக் கூப்பிட்டா வராமயா போயிடுவா?"

அப்படியானால் முதல் நாளே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சாவ்காருக்கு உயரம் என்றாலே பயம். சின்ன வயதில் நீலவ்வா ஊஞ்சலில் நின்றுகொண்டே ஆடி, வேப்பங்கிளையைக் காலால் உதைத்துவிட்டு வருவாள். இவர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்டி நீலா, போதும்டி" என்று அழுவார். ஒரு தடவைகூட ஊஞ்சலில் ஏறியதில்லை. விமானத்தின் தொடக்க விழாவில் ரிப்பன் வெட்டிவிட்டு மூன்று படி ஏறினார். அங்கே நின்று, பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அடிக்காத போனில் அவசரமாகப் பேசிக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். ஒன்றேகால் வருஷம் முழுக்க அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

இப்போது விமானமே போகப் போகிறது. சாவ்கார் அப்போதும் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஊருக்குத்தான் அறிவித்தார். பஞ்சமிக்கு இரண்டு நாள் முன்னால் ரொட்டிப் பண்டிகை. அன்றைக்குக் கடைசி நடை. அக்கா தங்கையைக் கூப்பிடப் பெங்களூரு போகிற எவரும் விமானத்தில் இலவசமாகப் போய்வரலாம். ஒரே நாளில் அத்தனை இடமும் நிறைந்துவிட்டது. சாவ்காரைத் தோளில் தூக்காத குறை.

"ஊர்ல இருக்கிற அண்ணன்மார எல்லாம் அனுப்பி வைக்கிறீங்க," என்றாள் கல்லவ்வா, ரொட்டி தட்டிக்கொண்டே. "இந்த வீட்டு அண்ணன் எங்கே போனாரு?"

"எனக்கு இங்க ஆயிரம் வேலை."

"வேலையா, பயமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ரொட்டிப் பண்டிகையன்று காலை ஓடுதளத்தில் தேர்த் திருவிழா மாதிரி ஜாத்திரைக் கூட்டம். போகிற அண்ணன்மார் எல்லோரும் தலைப்பாகை கட்டி, தங்கைகளுக்கென்று ஆளுக்கொரு மூட்டை ரொட்டி தூக்கி வந்திருந்தார்கள். சாவ்கார் கையசைத்து அனுப்பிவைக்கலாம் என்று வந்தார். ருத்ரய்யா வழிமறித்தார்.

"சாவ்கார், முதல் சீட்டு உங்களுக்கு. ஜன்னலோரம்."

"யாருய்யா எனக்குச் சீட்டுப் போட்டது?"

"உங்க வீட்டு அவ்வா போன வாரமே வந்து சொல்லிட்டாங்க. போன் வந்தா நான் பேசிக்கிறேன், நீங்க போனை என் கையில குடுத்துட்டு ஏறணுமாம்."

பின்னால் திரும்பிப் பார்த்தார். கல்லவ்வா ரொட்டி மூட்டையோடு நின்றிருந்தாள், முறைத்தபடி. எதிரே விமானம், பின்னால் மனைவி. எது அதிகப் பயம் என்று யோசித்துவிட்டு அவர் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

பறந்ததைப் பற்றி அவர் பிற்பாடு பெருமையாக நிறையச் சொல்லுவார், எதையும் நம்ப வேண்டாம். அநேகமாகக் கண்ணைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சங்கப்பா, ஜில்லாவையே மண்ணில் புரட்டிய பயில்வான். விமானம் தரையைவிட்டுக் கிளம்பியதும் சாவ்கார் பயில்வான் கையைப் பிடித்தார். பயில்வான் ஏற்கெனவே அவர் கையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சாவ்கார், அழலாமா?"

"சத்தம் இல்லாம அழு. கேப்டனம்மா காதுல விழப் போகுது."

மேகத்துக்குள் ஒரு குலுக்கல் குலுங்கியதும் பின்சீட்டில் யாரோ மூட்டையை அவிழ்த்தார்கள். ரொட்டி வாசனையும் எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனையும் வந்தன. பண்டிகை நாளில் ஒருவர் ரொட்டியை ஒருவர் வாங்காமல் இருக்கக்கூடாது. சாவ்கார் கண்ணை மூடிக்கொண்டே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டே தின்றார். பெங்களூரு வந்துவிட்டது.

மல்லேஸ்வரத்தில் தங்கை வீட்டு வாசலில் நின்றபோதுதான் நிஜமான பயம் வந்தது. பறந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மணியை அடித்தார். நீலவ்வாவே வந்து திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது, அந்த நரையை அவர் பார்த்ததே இல்லை. தன் தங்கைக்கு வயதானதைப் பார்க்காமலே எட்டு வருஷத்தைத் தொலைத்திருந்தார்.

"பஸ் எங்க நிக்குது?" என்றாள் அவள். வா என்று சொல்லவில்லை.

"பஸ்ல வரல."

"கார்லயா?"

"விமானத்துல."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, நீயா? கிணத்துப் படியில ரெண்டாவது படி இறங்க மாட்டியே!"

"ஆமா."

"ஊஞ்சல் கயித்தைப் பிடிச்சாலே ஜுரம் வருமே!"

"ஆமாடி."

"கண்ணை மூடிக்கிட்டியா?"

"மூடிக்கிட்டேன். நடுவுல ஒரு தடவை திறந்தேன். இன்னும் மேலதான் இருந்தேன். மறுபடி மூடிக்கிட்டேன்."

நீலவ்வாவின் வாயோரம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளே முடிவு செய்வதற்குள் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சாவ்கார் ரொட்டி மூட்டையை நீட்டினார். விமான நிலையத்திலிருந்து வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது மறந்துபோய், மிச்சமிருந்தது ஒரே வார்த்தை.

"வா நீலா. போகலாம்."

"அதைச் சொல்ல எட்டு வருஷமாடா உனக்கு?" என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பிக் கணவனிடம் கத்தினாள். "ஏங்க, என் பெட்டியை எடுங்க! அண்ணன் வந்திருக்கான்!"

மத்தியானம் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது சாவ்காருக்குக் கால் தரையில் படவில்லை. அங்கே ருத்ரய்யா பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். டை ஒருபக்கம், விசில் ஒருபக்கம்.

"சாவ்கார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன?"

"வரும்போது என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் வந்தோம்."

"சரி."

"எல்லாரும் கூப்பிடத்தானே வந்தோம்? கூப்பிட்டுட்டாங்க. எல்லா அக்கா தங்கச்சியும் வந்துட்டாங்க, எங்க அக்காவும்தான்."

சாவ்கார் ருத்ரய்யாவுக்குப் பின்னால் பார்த்தார். அண்ணன் தம்பிகள் பத்தொன்பது. அக்கா தங்கைகள் பத்தொன்பது. பெட்டிகள் கணக்கில்லை. அறிவித்தவருக்கும் தோன்றவில்லை, பெயர் எழுதியவருக்கும் தோன்றவில்லை, ஏறியவர்களுக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. ஏறின ஆளை இறக்கிவிட்ட பழக்கம் மலப்பிரபா சர்வீஸில் யாருக்கும் கிடையாது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே," என்றார் சாவ்கார், கேப்டன் பிண்டோவிடம். "பொம்பளைங்க மூணு மூணு பேரா உட்காருவாங்க. நாலு பேர் முன்னால பானெட் மேல..."

"எந்த பானெட் மேல?" என்றாள் கேப்டன். "சாவ்கார், இது பறக்கணும். பத்தொன்பதுக்கு மேல ஒரு பூனைக்குட்டி ஏறினாலும் நான் எடுக்க மாட்டேன். இருட்டறதுக்குள்ள இறங்கணும், ரெண்டாவது நடைக்கு நேரமும் இல்ல."

எல்லோரும் சாவ்காரைப் பார்த்தார்கள். முதலாளி அவர். தங்கையோடு ஏறி உட்கார்ந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. ஆனால் அவருக்காக ஒருத்தி கீழே நிற்க வேண்டும். அவர் பேச்சை நம்பிக் கிளம்பி வந்தவள்.

பயில்வான் சங்கப்பாதான் தொண்டையைச் செருமினான். "சாவ்கார், அக்கா தங்கச்சிங்க விமானத்துல போகட்டும். கணக்கு சரியா இருக்கு. நாங்க பஸ்ல வர்றோம். மறுபடி ஏறுன்னாலும் நான் ஏற மாட்டேன், அது வேற விஷயம்."

அண்ணன்மார் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா தங்கைகளும் சரி என்றார்கள். வாசலில் வந்து நின்று கூப்பிட்டாயிற்று, முறை முடிந்தது, பறக்கக் கசக்குமா? பண்டிகைக்கென்று பெங்களூருவில் ஒரு எக்ஸ்ட்ரா வண்டியை நிறுத்திவைத்திருந்தார் சாவ்கார். போன் போட்டதும், இதோ வருகிறேன் என்றார் டிரைவர்.

சாவ்கார் நிம்மதியாகத் திரும்பினார். "நீலா, நீ விமானத்துல போ. நான் பஸ்ல..."

பாதியில் நிறுத்தினார். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்த அதே காரியம். அன்றைக்கு வண்டியை அனுப்பினார், இன்றைக்கு விமானத்தை அனுப்புகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீலவ்வா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். சாவ்கார் பதறினார். போய்விட்டாள், இந்தத் தடவை போனால் போனதுதான். வேட்டி தடுக்க அவள் பின்னால் ஓடினார்.

"நீலா! தப்புடி! நான் அப்படிச் சொல்ல வரல! ரெண்டு பேரும் விமானத்துலயே போவோம், யார் கால்லயாவது விழுந்து..."

அவள் நிற்கவே இல்லை.

"எங்கடி போறே?"

"பஸ்ஸுக்கு," என்றாள் அவள். "சீக்கிரம் போனாத்தான் முன் சீட்டு கிடைக்கும்."

சாவ்கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்ன பார்க்கிறே? எனக்கு விமானம் எதுக்கு? கூப்பிட வந்தவனோடதான் நான் போவேன். நீ எதுல போறியோ அதுல." அவர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீ லாரியில வந்திருந்தாக்கூட வந்திருப்பேன் அண்ணா. நீதான் வரல."

அவர் அங்கேயே, போவோர் வருவோர் பார்க்க, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாவது இடம் காலி. பெண்கள் நீலவ்வாவின் பெட்டியை அதில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுவிட்டார்கள். ருத்ரய்யா வழக்கம்போல விமானத்தின் வயிற்றைத் தட்டப் போனார். போன கை பாதியில் நின்றது.

"நீங்க தட்டுங்க சாவ்கார். கடைசி நடை."

சாவ்கார் போய் உள்ளங்கையை அந்தத் தகரத்தின் மேல் வைத்தார். ஒன்றேகால் வருஷத்தில் அதை அவர் தொட்டது அன்றைக்குத்தான். ரெண்டு தட்டுத் தட்டினார். "ரைட், ரைட்!" உள்ளே பெண்கள் குலவையிட்ட சத்தம் என்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உஸ்மான். நீலவ்வாவைப் பார்த்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கும்பிட்டார்.

"அவ்வா, இந்தத் தடவையும் காலியாத் திருப்பி அனுப்பிடாதீங்க. அன்னிக்கு சாவ்கார் என்கூட ஒரு மாசம் பேசவே இல்ல."

"ஓட்டுங்க உஸ்மான் பாய்," என்றாள் அவள், முன் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டு. "இன்னிக்கு ரெண்டும் வந்திருக்கு. பஸ்ஸும் வந்திருக்கு, அண்ணனும் வந்திருக்கான்."

"அண்ணன்னு ஒருமையில சொல்றியே தங்கச்சி," என்றான் பின்னாலிருந்து சங்கப்பா. "நாங்க எல்லாம் யாரு?"

திரும்பிப் பார்த்தாள். பஸ் முழுக்கத் தலைப்பாகைகள். அத்தனை பேரின் தங்கைகளும் ஆகாசத்தில் போய்விட்டார்கள், சீராட்டுவதற்குக் கைவசம் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஹரிஹரில் ஒருவர் வளையல் வாங்கிக் கொடுத்தார். ராணேபென்னூரில் ஒருவர் மல்லிகைப்பூ. ஹூப்ளியில் பேடா. வழியெல்லாம் கத்தினார்கள், பாடினார்கள், தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை அவளுக்கு முதல் டம்ளர். எட்டு வருஷமாக ஓர் அண்ணனுக்காக வாசலைப் பார்த்திருந்தவளைப் பத்தொன்பது அண்ணன்மார் கொண்டுவந்து ஊரில் இறக்கினார்கள்.

பஞ்சமியன்று காலை வேப்பமரத்தடியில் நீலவ்வா வாய் நிறைய எள்ளுருண்டையோடு ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

"ஏன், ஆடேன்," என்றார் சாவ்கார்.

"முதல்ல நீ."

"எனக்கு எதுக்கு? எனக்கு வயசு..."

"ஆகாசத்துல பறந்தவனுக்கு இது எம்மாத்திரம்? உட்காரு."

கல்லவ்வா திண்பண்டத் தட்டோடு வாசலில் வந்து நின்றுகொண்டாள், முறைத்தபடி. சாவ்கார் உட்கார்ந்தார். கயிற்றை முழங்கை வரை சுற்றிக்கொண்டார். நீலவ்வா முதுகில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். அவர் கண்ணை இறுக மூடினார். அப்போதுதான் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கேப்டன் பிண்டோ விமானத்தைத் திருப்பி ஒப்படைக்க எடுத்துக்கொண்டு போகிறாள். தெருவிலிருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சாவ்காரால் பொறுக்க முடியவில்லை, கண்ணைத் திறந்துவிட்டார்.

ஊஞ்சல் மேலே போய்க்கொண்டிருந்தது. வேப்ப இலைகளுக்கு நடுவே, அவர் சர்வீஸின் பெயரைச் சுமந்து பறந்த அந்தச் சின்ன விமானம் ஒரு இறக்கையைச் சாய்த்துவிட்டு வடக்கே திரும்பியது. அவர் கையை எடுத்து ஆட்டினார். ஒரு கையால்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"போதும்டி நீலா, போதும்டி!"

"இன்னும் கிளை தொடலையே," என்றாள் நீலவ்வா, மறுபடி தள்ளினாள்.